தையல்காரம்மா அளந்த சக்கரம்

கல்யாண நாளுக்கு மனைவிக்கு என்ன வாங்கித் தருவது என்று கணவன்மார் மண்டையை உடைத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான். மெத்தைக் கடைக்காரர் அப்படியெல்லாம் உடைத்துக்கொள்ளவில்லை. நேராகப் போய் நாலு சக்கரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதில் தப்பில்லை. அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூல் என்று பெயர்தான் பெரிசு. ஒரு சின்னக் கார், அதன் தலையில் ஒரு மஞ்சள் பலகை, அவள் உட்காரும் பக்கத்தில் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். பதினொரு வருஷமாக அந்த ஒரு பிரேக்கை நம்பித்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லாருக்கும் அவள் 'மிஸ்'.

வண்டியைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப் போன கணவர், மத்தியானம் வாசலில் ஹார்ன் அடித்தார். மிஸ் வெளியே வந்து பார்த்தாள். கார் பழைய கார்தான், ஆனால் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. பளபளவென்று வெள்ளிநிற ரிம். கன்னங்கரேலென்று குண்டு டயர். வண்டியே தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.

"பழசு பதினாலு இன்ச். இது பதினஞ்சு. டயர அமுக்கிப் பாரு, எவ்வளவு கனம்!" என்றார் கணவர். கட்டைவிரலால் அவரே அமுக்கிக் காட்டினார். இருபது வருஷமாக மெத்தை விற்கிற கட்டைவிரல் அது. கனமாக இருந்தால் நல்லது, இன்னும் கனமாக இருந்தால் இன்னும் நல்லது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அதை அவரும் நம்பத் தொடங்கிவிட்டிருந்தார்.

மிஸ்ஸுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்றுகூட ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

தொல்லைகள் ஒன்றொன்றாகத்தான் வந்தன. ஸ்டியரிங் கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி பகல் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு யோசித்து, பிறகு திரும்பியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். சேறு ஒட்டியிருக்கும் என்று நினைத்து இரண்டு தடவை தண்ணீர் பீய்ச்சினாள். சத்தம் போகவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து முக்கால்வாசி ஒடித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். முக்கால்வாசி ஒடித்து இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியை நுழைத்து நிறுத்த யாராலும் முடியாது.

"முழுசா ஒடிங்க! ஸ்டியரிங் என்ன கடிச்சா வைக்கும்?" என்று கற்றுக்கொள்ள வந்த மருந்துக்கடைப் பையனைக் காய்ச்சி எடுத்தாள். அவன் கண் கலங்கிவிட்டான்.

அந்த மாதம் ஆறு பேர் பரீட்சைக்குப் போனார்கள். ஒருவன்தான் பாஸ். அவன் படகைக் கொடுத்தாலும் ஓட்டிக் காட்டியிருப்பான். மற்ற ஐந்து பேரும் வரிசையாகக் கோட்டை விட்டார்கள். இப்போது வருகிறவர்களுக்குக் கவனம் போதவில்லை, எந்நேரமும் போனிலேயே இருக்கிறார்கள் என்று மிஸ் கணவரிடம் புலம்பினாள். அவரும் ஆமாம் போட்டார்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் தையல்காரம்மா. வயது ஐம்பத்திரண்டு. அடுத்த தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருந்தார். துணி மூட்டைகளோடு டாக்ஸிக்காரர்களிடம் மல்லுக்கட்டி அலுத்துப்போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். அதற்கு முன்பே மூன்று தடவை பரீட்சைக்குப் போய் மூன்றிலும் ஃபெயில். முதல் தடவை வண்டி நடுரோட்டில் நாலு முறை அணைந்துபோயிற்று. இரண்டாவது தடவை நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிறுத்தினார். மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு, சந்தோஷத்தில் அலுவலகத்துக்குள் நுழையும் வழியில் வெளியே போகப் பார்த்தார். நாலாவது தடவைக்கு அவரைப்போலத் தயாரான ஆளை மிஸ் பார்த்ததே இல்லை.

பரீட்சை வைப்பவர் ஒரு ஒல்லியான அம்மாள். சிரிப்புக்கு வரி கட்ட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்த மாதிரி இருப்பார். கண்ணாடியில் ஒட்டிவைக்கிற சின்ன வேகமானி ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து ஒட்டுவார். வண்டியின் முள்ளை அவர் பார்ப்பதே இல்லை. அது ஓட்டுகிறவர்களுக்கு, இது எனக்கு என்பார்.

அரை மணி நேரம் கழித்துத் தையல்காரம்மா கையில் காகிதத்தோடு திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அம்பது எல்லையில அம்பத்தி நாலு. மூணு தடவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பரீட்சைக்கார அம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரில் ஏறிய பிறகும் தையல்காரம்மா பெல்ட்டைப் போடவில்லை. "நான் அம்பதத் தாண்டவே இல்ல மிஸ். முள்ளு அந்தக் கோட்டத் தொட்டுக்கிட்டே இருந்துச்சு. நூலளவுகூட விலகல."

"பதட்டத்துல கவனிச்சிருக்க மாட்டீங்கக்கா. அடுத்த தடவ..."

"பதட்டமா? முப்பத்தஞ்சு வருஷமா ஊசியையே பாத்துக்கிட்டிருக்கிற கண்ணு இது. ஒரு முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாள் பொய் சொல்கிற ஆளில்லை. மூன்று தடவை ஃபெயிலானபோதும், ஆமாம், என் தப்புதான் என்று ஒத்துக்கொண்டு சிரித்தவர்.

"உங்க போன்ல வேகம் காட்டுமா அக்கா?"

"மேப் போட்டா காட்டும்."

"எடுத்து வச்சிக்குங்க. நான் ஓட்டுறேன்."

ஊருக்கு வெளியே நேரான சாலையில் மிஸ் முள்ளை ஐம்பதில் நிறுத்தினாள். "இப்ப என்ன காட்டுது?"

"அம்பத்தி நாலு."

"போன் தப்பாக் காட்டுதோ என்னமோ. என் போனையும் பாருங்க."

"அதுலயும் அம்பத்தி நாலுதான் மிஸ்."

ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பேரும் இறங்கி வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

"சமீபத்துல வண்டியில என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"ஒண்ணும் மாத்தலக்கா. சக்கரம் மட்டும்..." என்று இழுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. அது வண்டியோடு வந்த பழைய அளவுச் சக்கரம், ஒருநாளும் மாட்டப்படாதது. அதை இறக்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தபோது, அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி நிற்கிற மாதிரி இருந்தது. தையல்காரம்மா கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார். மிஸ் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். சாலையோரத்தில் இரண்டு பெண்கள் முழங்காலிட்டுக்கொண்டு கார்ச் சக்கரத்துக்கு இடுப்பளவு எடுப்பதைப் பார்த்து, போகிற லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

தையல் டேப் நூற்றைம்பதோடு முடிந்துவிடும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மீதியை அளந்தார். ஸ்டெப்னி நூற்று எண்பத்து மூன்று சென்டிமீட்டர். புதுச் சக்கரம் இருநூற்று மூன்று.

"இருபது சென்டிமீட்டர் கூட" என்றார் தையல்காரம்மா. "ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி அரை முழம் கொஞ்சம் குறையாக் கூடுதலா ஓடுது. முள்ளுக்கு அது எப்படித் தெரியும்? அது பாவம், சுத்த மட்டும் எண்ணிக்கிட்டிருக்கு."

மிஸ் தலையைச் சாய்த்துச் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் பார்த்தாள். உள்ளே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பு ஓரிடத்தில் வழவழவென்று தேய்ந்து, விளிம்பு நார்நாராகக் கிழிந்திருந்தது. கர்ர்ர் சத்தம் அங்கேதான் குடியிருந்திருக்கிறது. மருந்துக்கடைப் பையனின் கலங்கிய கண் நினைவுக்கு வந்தது. ஐந்து பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டியது நினைவுக்கு வந்தது.

"அக்கா, தப்பு உங்க கால்ல இல்ல. என் வண்டியில" என்றாள்.

தையல்காரம்மா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கடகடவென்று சிரித்தார். "அப்பாடா! நாலு தடவ ஃபெயிலானதுல ஒண்ணுக்காவது நான் காரணம் இல்லன்னு ஆச்சு. போய் வீட்ல முதல்ல இதச் சொல்லணும்."

சாயங்காலம் மெத்தைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தபோது மிஸ் சமையலறையில் இருந்தாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சக்கரம் விற்ற கடைக்காரனைத் திட்டினார். பிறகு கார் செய்த கம்பெனியைத் திட்டினார். பிறகு, "பெரிசா இருந்தா நல்லதுன்னுதான நெனச்சேன்" என்றார்.

"ஏங்க, உங்க கடைக்கு மெத்தை வாங்க ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

"கட்டில் என்ன அளவுன்னு..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "அடச்சே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிக்காத. நாளைக்குக் காலைல கடையத் தாமதமாத் தொறக்கிறேன். நானும் வர்றேன்" என்றார் அவர்.

மறுநாள் மூன்று பேரும் டயர்க் கடைக்குப் போனார்கள். தையல்காரம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அளவு சம்பந்தப்பட்ட காரியம் என்பதால் அவரே வந்துவிட்டார். டயர்க் கடைக்காரருக்கு 'காத்து' என்று பட்டப்பெயர். சைக்கிளுக்குக் காற்றடித்துத் தொழில் தொடங்கியவர். குண்டு டயரைப் பார்த்ததும் அவர் உச்சுக்கொட்டினார்.

"இந்த வண்டிக்கு இதப் போட்டது யாரு?"

மெத்தைக் கடைக்காரர் கடையில் தொங்கிய காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

"டீச்சரம்மா, டயர் மேல மூணு எண்ணு இருக்கும். வண்டியோட பழைய டயர்ல நூத்தி எழுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினாலு. முதல் எண்ணு அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, பக்கச் சுவரோட உயரம். அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு. மூணாவது, நடுவுல இருக்கிற ரிம்மு, இன்ச் கணக்கு. இப்ப மாட்டியிருக்கிறதுல ரிம்மு ஒரு இன்ச் கூடிருச்சு. கூடுனா சுவர் குறையணும். இதுல சுவரும் கூடி, அகலமும் கூடி..."

"சட்டைக்கு கை நீளத்தக் கூட்டிட்டுத் தோள்பட்டையையும் கூட்டுன மாதிரி" என்றார் தையல்காரம்மா. "கை முட்டிக்குக் கீழ தொங்கும்."

"அதேதான்!" காத்துக்கு ஒரே குஷி. இப்படிப் புரிந்துகொள்கிற வாடிக்கையாளர் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

"அப்ப ரிம்மையும் தூக்கிப் போடணுமா?" என்று காலண்டரைப் பார்த்தபடியே கேட்டார் மெத்தைக் கடைக்காரர்.

"எதுக்கு சார்? ரிம்மு நல்ல ரிம்மு. டயர மட்டும் மாத்துவோம். நூத்தி எண்பத்தஞ்சு, அம்பத்தஞ்சு, பதினஞ்சு. மொத்தச் சுத்தளவு பழசோட ஒத்துப்போகும். பாரம் தாங்குற எண்ணும் அதே."

காத்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். மெத்தைக் கடைக்காரரின் கட்டைவிரல் தானாக அதன் பக்கவாட்டுக்குப் போயிற்று. "என்னங்க, இவ்வளவு மெல்லிசா இருக்கு?"

"மெல்லிசா இருந்தாதான் சார் திரும்பும்போது நெளியாது. மெத்தை மேல நின்னுக்கிட்டுத் திரும்புறதும் தரையில நின்னு திரும்புறதும் ஒண்ணா?"

இது அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வேகம் வந்துவிட்டது. "அப்ப பதினேழு இன்ச் ரிம்மு போட்டு, டயர இன்னும் மெல்லிசா..."

"ஏங்க!" என்றாள் மிஸ்.

காத்து சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, உங்க வண்டி ஒரு நாளைக்கு எத்தன தடவ நடைபாதைக் கல்லுல இடிக்கும்?"

"நல்ல நாளா இருந்தா நாலு."

"பாத்துக்குங்க சார். சுவர் ரொம்பக் குறைஞ்சா கல்லு நேரா ரிம்முல இடிக்கும். பள்ளத்துல விழுந்தா டயர் வெடிச்சிரும். அகலம் இன்னும் கூட்டலாமேன்னு கேப்பீங்க. மழத் தண்ணியில மிதக்கும், கத்துக்கிறவங்க கைக்குக் கனக்கும். பந்தயம் ஓட்டுறவருக்கு ஒரு அளவு, டீச்சரம்மாவுக்கு ஒரு அளவு."

மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றாள் மிஸ். நாலு டயரையும் மாட்டி, காற்றை அளந்து அடித்துச் சாவியைக் கொடுத்தார் காத்து. அவள் தனியாகத்தான் ஓட்டிப் போனாள்.

முதல் திருப்பத்திலேயே கைக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் அவள் ஸ்டியரிங்கிடம் சொல்லி, அது யாரிடமோ சொல்லி, அவர் சக்கரத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது நேர்ப் பேச்சு. ரவுண்டானாவில் ஒரு சுற்று சுற்றினாள். வண்டி சாயாமல் கோட்டைப் பிடித்த மாதிரிப் போயிற்று. நம்பமுடியாமல் இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு மட்டும் காரணம் எதுவும் இல்லை, ஆசைதான். பள்ளங்களில் முன்னைவிடக் கொஞ்சம் தடக் தடக் என்றது உண்மை. அது போகட்டும் என்று விட்டுவிட்டாள். காலி மைதானத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்துப் பார்த்தாள். கர்ர்ரும் இல்லை, முர்ரும் இல்லை.

திரும்பி வந்து, "இதுவே இருக்கட்டும்" என்றாள். தையல்காரம்மா விடுவாரா? ஜாக்கி போடச் சொல்லி அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். நூற்று எண்பத்து மூன்றரை.

அன்று மத்தியானமே மிஸ் ஐந்து பேருக்கும் போன் செய்தாள். மருந்துக்கடைப் பையனிடம் மன்னிப்புக் கேட்டபோது அவன், "பரவால்ல மிஸ், நீங்க திட்டுனப்ப எங்கம்மா ஞாபகம் வந்துச்சு" என்றான். அது ஆறுதலா புகாரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர்களுக்கெல்லாம் ஆளுக்கு மூன்று வகுப்பு கூடுதலாக எடுப்பதாகச் சொன்னாள்.

பிறகு பரீட்சை அலுவலகத்துக்குப் போனாள். அவள் நடந்ததைச் சொல்ல, ஒல்லியான அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டுக்கொண்டார்.

"மீட்டர் சரியா இருக்கான்னு பாக்க வேண்டியது நீங்க."

"ஆமா மேடம்."

"முடிவ மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லி வரல மேடம். அந்தக்கா தப்புப் பண்ணலன்னு உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

அம்மாள் இப்போதுதான் நிமிர்ந்தார். பிறகு ஒரு பெரிய நோட்டைப் புரட்டி, "வியாழக்கிழமை காலைல ஒம்பது பத்துக்கு ஒருத்தர் வரலன்னுட்டாரு. வரச் சொல்லுங்க" என்றார்.

கற்றுக்கொடுப்பவர் பரீட்சையின்போது பின்சீட்டில் உட்காரலாம். மிஸ் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் அவளுடைய கால் இல்லாத பிரேக்கைத் தேடும். அந்த வியாழக்கிழமை தையல்காரம்மாதான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

ஐம்பது எல்லையில் முள் நாற்பத்தெட்டில் நின்றது. பரீட்சைக்கார அம்மாளின் சின்ன மானி நாற்பத்தேழு காட்டியது. முன்னால் நாற்காலி ஏற்றிய வேன் ஒன்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அதன் கயிறு நழுவி, அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சாலை நடுவில் விழுந்து குதித்தது. மிஸ்ஸின் வலது கால் பின்சீட்டுக் காலடி விரிப்பை ஓங்கி மிதித்தது. தையல்காரம்மாவோ கண்ணாடியைப் பார்த்தார், விளக்கைப் போட்டார், துணியில் வளைவு வெட்டுகிற மாதிரி வண்டியை ஒரு பக்கமாக வளைத்து நாற்காலியைத் தாண்டி மறுபடி தன் வரிசைக்குக் கொண்டுவந்தார். வண்டி நெளியவில்லை, குலுங்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டது. அம்மாளின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றிருந்தது.

இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தும்போது தையல்காரம்மா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். ஒரே தடவையில் உள்ளே போயிற்று.

"பாஸ்" என்று காகிதத்தைக் கொடுத்த அம்மாள் உடனே இறங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். "இந்த டயர் என்ன அளவுன்னு சொன்னீங்க? என் வண்டியும் இதே மாடல்தான். திருப்பத்துல ஒரு மாதிரி ஆடுது."

மிஸ் சொல்லச் சொல்ல, பரீட்சைத் தாளின் பின்பக்கத்திலேயே அவர் குறித்துக்கொண்டார். காத்துவின் கடைக்கு வழியும் கேட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் மருந்துக்கடைப் பையனும் இன்னும் இரண்டு பேரும் பாஸானார்கள். குண்டு டயர்களைப் பெரிய வேன் வைத்திருந்த ஒருவருக்குக் காத்து தள்ளிவிட்டார். மெத்தைக் கடைக்காரர் இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் கனத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பதிலுக்கு டயர் எண்களை விளக்குகிறார். கேட்காதவர்களுக்கும் விளக்குகிறார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மிஸ்ஸுக்கு போன் வந்தது. தையல்காரம்மா. முந்தின நாள்தான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். முதல் தடவையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு சீருடை மூட்டைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போயிருந்தார்.

"என்னக்கா? இடிச்சிட்டீங்களா?"

"இடிக்கல மிஸ். ஸ்கூல் எதிர்ல ரெண்டு வண்டிக்கு நடுவுல நிறுத்தினேன் பாருங்க, அப்படி ஒரு நிறுத்து! ரெண்டு பக்கமும் அளந்து வச்ச மாதிரி இருக்கு. ஆனா தெருவுல ஒரு ஈ காக்காகூட இல்ல. யாருமே பாக்கல. வண்டிய எடுக்க மனசே வர மாட்டேங்குது."

"அதுக்கு?"

"நீங்க கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன்."

மிஸ் கணவரைக் கூப்பிட்டாள். கடையைப் பூட்டச் சொன்னாள். இரண்டு பேரும் காரில் ஏறிப் பார்க்கப் போனார்கள்.